பிள்ளைக்கு வாங்கிய டிக்கட்

2018ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் இரவு, ஆறு வயதான என் மகனைப் பேய் வீடொன்றுக்குள் இழுத்துக்கொண்டு போனேன். என் மனைவி இதைப் பற்றி யாரிடமாவது சொல்ல நேர்ந்தால் 'கூட்டிக்கொண்டு போனார்' என்றுதான் சொல்வாள். அது அவளுடைய பெருந்தன்மை. சரியான சொல் இழுத்துக்கொண்டு என்பதுதான்.

பக்கத்து நகரத்து மைதானத்தில் காணிவல் போட்டிருந்தார்கள். ராட்டினம், ஆடும் கப்பல், பலகைச் சுவரில் மோட்டார் சைக்கிள் ஓடுகின்ற மரணக் கிணறு, தும்பு முட்டாஸ், கச்சான், ஜெனரேட்டர் புகை. நாங்கள் நால்வரும் ராட்டினத்தில் ஏறினோம். உச்சியில் அது நின்றபோது எங்களூர்ப் பள்ளிவாசலின் மினாரா தெரிகிறதா என்று மகன் தேடினான். கப்பலில் கண்ணை இறுக மூடிக்கொண்டு சிரித்தான். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்த இரவின் முதல் ஒரு மணித்தியாலம் எங்கள் குடும்பம் கண்ட நல்ல மணித்தியாலங்களில் ஒன்று. மாதச் சம்பளக்காரன் ஒருவன் மனைவி மக்களோடு நிம்மதியாகச் சிரிக்கக் கிடைக்கும் நேரம் அதிகமில்லை. ஆகவே காணிவலையே வேண்டாம் என்று சொல்லும் ஆட்களில் நான் ஒருவனல்லன்.

பேய் வீடு மைதானத்தின் கடைசியில் இருந்தது. தகரத்தாலும் கறுப்புத் துணியாலும் அடைத்த நீளமான கொட்டில். முகப்பில் ஒரு மண்டையோடு. உள்ளேயிருந்து வருகின்ற அலறல்களில் எது ஒலிபெருக்கியுடையது, எது மனிதருடையது என்று பிரித்தறிய முடியாது. தலைக்கு 100 ரூபா. பத்து வயதான மகள் ஓடிப்போய் வரிசையில் நின்றுவிட்டாள். மகன் என் சாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வாப்பா, உள்ளுக்கு என்ன இரிக்கி?"

"ஒண்டுமில்ல மனே."

"ஒண்டுமில்லாட்டி ஏன் எல்லாரும் கத்துறாங்க?"

இருபது வருடமாகப் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன் நான். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. வரிசையில் பின்னால் என் பாடசாலைப் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் நின்றார்கள். அவர்களில் ஒருவர், "மாஸ்டர்ர மகனுக்குப் பயம் போல" என்று சிரித்தார். பகிடிக்குத்தான் சொன்னார். நான் மகனின் கையை இறுக்கிப் பிடித்தேன்.

உள்ளே ஐந்து நிமிடம்கூட இருந்திருக்க மாட்டோம். முகமூடி போட்ட பொடியன்கள், தொங்குகின்ற துணிகள், விட்டு விட்டு மின்னும் சிவப்பு வெளிச்சம். கீழேயிருந்து ஒரு கை வந்து மகனின் கணுக்காலைப் பற்றியது. அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் சிரித்துச் சமாளித்திருப்பேன். வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் அவனுடைய பெருநாள் காற்சட்டை நனைந்திருப்பதைக் கண்டேன். மகளோ முகமெல்லாம் சிரிப்பாக, "வாப்பா, இன்னொருக்காப் போவமா?" என்று குதித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே இருட்டு, ஒரே கூச்சல், ஒரே கட்டணம்.

சில கிழமைகளின் பின் அவனுக்குக் காய்ச்சல் கண்டு, இரத்தம் சோதிக்கக் கொண்டுபோனோம். தாதி ஊசியை எடுத்தபோது, "ஒண்டுமில்ல மனே, எறும்பு கடிச்ச மாதிரித்தான்" என்றேன். அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தாயின் பக்கம் திரும்பி, "உம்மா, நீங்க சொல்லுங்க" என்றான்.

காற்சட்டை ஒரு கழுவலோடு சரியாகிவிட்டது. என் பேச்சு அவனிடம் பழைய விலைக்கு வர எவ்வளவு காலம் எடுத்தது என்பதை என்னால் இன்றும் திட்டமாகச் சொல்ல முடியாது.

எங்கள் பாடசாலையில் இஸ்லாம் கற்பிக்கும் மௌலவி ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் எனக்கு ஒரு ஹதீஸை ஞாபகப்படுத்தினார். அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. நபி (ஸல்) அவர்களோடு பயணம் செய்த தோழர்களில் ஒருவர் தூங்கிவிடுகிறார். மற்றவர்களில் ஒருவர் அவரிடமிருந்த கயிறொன்றைப் போய் எடுக்கிறார். தூங்கியவர் திடுக்கிட்டுப் போகிறார். ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது இன்னொரு முஸ்லிமுக்கு ஆகாது என்று அப்போது நபியவர்கள் சொன்னதாக அந்த அறிவிப்பு முடிகிறது. மௌலவியின் தீர்ப்பு அதோடு முடிந்துவிட்டது. பயங்காட்டுவது பகிடியானாலும் கூடாது, காணிவலும் கூடாது.

நான் விடவில்லை. கலாசாலையில் படித்த காலத்திலிருந்தே தர்க்கம் பண்ணுவது எனக்குள்ள வியாதி. "தூங்கினவரிட்ட ஒருத்தரும் கேட்கல்லயே மௌலவி. பேய் வீட்டுக்குப் போறவன் தானாகக் காசு குடுத்து டிக்கட் எடுத்துத்தானே போறான்? அவன் திடுக்கிடுறதுக்கெண்டே போறவன்" என்றேன்.

அவர் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டார்: "சேர், டிக்கட் எடுத்தது உங்கட மகனா, நீங்களா?"

அதற்கு மேல் நான் தர்க்கம் பண்ணவில்லை. காணிவல் பற்றிய அவருடைய தீர்ப்பை நான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை இத்தனை வருடமாகக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். பயத்தை ஒருவர் விரும்பி வாங்கலாம். இன்னொருவருக்காக வாங்கிக் கொடுக்க முடியுமா? அதுவும் 'இல்லை' என்று சொல்லத் தெரிந்தாலும் அந்தச் சொல்லுக்கு வலுவில்லாத ஒருவருக்காக?

பொய்யென்று சொல்லிவிட்டால் பிள்ளையின் பயம் போய்விடும் என்று பெரியவர்கள் நினைக்கிறோம். 1969இல் றீட்டா டிவ்றீஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. மேனார்ட் என்ற சாதுவான பூனைக்கு உறுமும் நாயின் முகமூடியைப் போட்டு, மூன்று முதல் ஆறு வயது வரையான பிள்ளைகளிடம் காட்டினார். மூன்று வயதுப் பிள்ளைகளில் பலருக்கு அது நாயாகவே மாறிவிட்டது. ஆறு வயதுக்காரருக்கு முகமூடியின் கீழே இருப்பது பூனைதான் என்று தெரிந்தது. அப்படியானால் ஆறு வயதான என் மகனுக்கு ஏன் அந்த அறிவு உதவவில்லை? 1991இல் இங்கிலாந்தில் போல் ஹரிஸும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த சோதனையில் இதற்கு ஒரு விளக்கம் கிடைக்கிறது. நான்கு, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு வெறும் பெட்டியைத் திறந்து காட்டி, அதற்குள் ஒரு பூதம் இருப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். பூதம் என்று ஒன்றில்லை, நாங்கள் சும்மா நினைத்ததுதான் என்று பிள்ளைகளே சொன்னார்கள். ஆனால் கூட இருந்தவர் அறையை விட்டு வெளியேறப் பார்த்தபோது சின்னவர்களில் சிலர் அவரைப் போகவிடவில்லை. அறிவு ஒரு பக்கம் இருக்க, பயம் தன் பாட்டில் இன்னொரு பக்கம் இருந்திருக்கிறது. பெரியவர்களும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். மையவாடிப் பக்கமாக இரவில் சைக்கிளில் வருகிற எங்களூர் ஆண்கள் எல்லோரும் ஏன் அந்த இடத்தில் மட்டும் வேகமாக மிதிக்கிறார்கள்?

நானும் அறிவைக் கொண்டு மகனைத் திருத்தப் பார்த்தேன். எட்டாம் தரத்து விஞ்ஞான பாடத்துக்கு நான் செய்து காட்டும் வித்தை ஒன்று இருக்கிறது. ஒரு கண்ணாடித் தகட்டை நிமிர்த்தி வைத்து, முன்னால் எரியும் மெழுகுதிரி ஒன்று, பின்னால் அதே தூரத்தில் தண்ணீர் நிறைந்த கிளாஸ் ஒன்று. பார்க்கிறவருக்கு மெழுகுதிரி தண்ணீருக்குள் எரிவதாகத் தோன்றும். 1862இல் லண்டனில் ஜோன் பெப்பர் என்ற விஞ்ஞான ஆசிரியர் இதையே பெரிதாக்கி மேடையில் ஆவியைக் காட்டினார். யோசனையை முதலில் கொண்டுவந்தவர் ஹென்றி டேர்க்ஸ் என்பவர், பெயர் மட்டும் பெப்பருக்குப் போனது. மகனை உட்கார வைத்து இதையெல்லாம் காட்டினேன். மெழுகுதிரியைத் தானே கொளுத்தினான், தானே ஊதி அணைத்தான், ரசித்தான். அன்றிரவும் வளவுக்குப் பின்னாலிருக்கும் கழிவறைக்குத் தனியே போகவில்லை.

மனைவிக்கு என் மன உளைச்சல் கொஞ்சம் மிகையாகத்தான் பட்டது. "கேட்டுக் கேட்டு நடந்தா புள்ள ஒண்டுக்கும் போகமாட்டான். நீங்க முதலாம் ஆண்டுப் புள்ளைகளை உம்மாட கையிலிருந்து புடுங்கி எடுக்கல்லயா?" என்றாள். நியாயமான கேள்வி. பாடசாலை தொடங்கும் முதல் நாளில் அழுகின்ற பிள்ளைகளைத் தாய்மாரின் சேலையிலிருந்து பிரித்து எடுக்கிற வேலை வருடந்தோறும் எனக்கு வரும். அவர்களிடம் நான் சம்மதம் கேட்பதில்லை. ஊசி போடும்போதும் கேட்பதில்லை.

இதைப் பல நாள் யோசித்தேன். பாடசாலைக்கு வருகிற பிள்ளை அழுதாலும் படிப்பு அதற்குக் கிடைக்கிறது. ஊசி நொந்தாலும் நோய் தெரிகிறது. அழுகைக்கு அப்பால் பிள்ளைக்குச் சேர வேண்டிய வேறொன்று அங்கே இருக்கிறது. பேய் வீட்டில் அப்படி என்ன இருக்கிறது? அங்கே விற்கப்படுவது மகிழ்ச்சி மாத்திரம்தான். பிள்ளை மகிழவில்லை என்றால் பின்னால் எஞ்சுவதற்கு ஒன்றுமில்லை, வெறும் பயம்தான் மிச்சம். தைரியம் வளரும் என்று சிலர் சொல்வார்கள். என் மகனுக்கு வளர்ந்ததை நான் காணவில்லை. ஆகவே கட்டாயப்படுத்தி ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கலாம், மருந்து குடிக்க வைக்கலாம். கட்டாயப்படுத்திச் சந்தோஷப்படுத்த முடியாது. இதை மனைவியிடம் சொன்னபோது, "இதை அண்டைக்கு வரிசையில நிண்டு யோசிச்சிருக்கலாமே" என்றாள்.

பயம் சந்தோஷமாவதை நான் நேரில் அறிவேன். எங்கள் மூத்தம்மா நிலாக் காலத்தில் முற்றத்தில் பாய் விரித்து ஜின் கதை சொல்வார். சொல்லுங்கள் என்று நச்சரிப்பது நாங்கள்தான். தலை மறைந்து கால் மட்டும் தெரிகிற ஜின், வாய்க்கால் ஓரத்தில் ஆட்டுக்குட்டியாய் நின்று தோளில் ஏற்றியதும் கனக்கத் தொடங்குகிற ஜின். கதை இறுகும்போது எங்களில் ஆகச் சின்னவள் மூத்தம்மாவின் மடிக்குள் நகர்வாள். அவள் எவ்வளவு நகர்கிறாள் என்பதை மூத்தம்மாவின் கை அறிந்திருந்தது. அளவு மிஞ்சினால் ஜின்னுக்குத் தும்மல் வந்துவிடும், அல்லது வேட்டி அவிழ்ந்துவிடும். நாங்கள் சிரித்துப் புரள்வோம். நாளைக்கும் அதே கதை வேண்டுமென்போம்.

டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், வைலே நகரத்துப் பேய் வீடொன்றுக்குள் போன 110 பேரின் இதயத் துடிப்பை அளந்து 2020இல் வெளியிட்ட முடிவைப் படித்தபோது எனக்கு மூத்தம்மாவின் கைதான் ஞாபகம் வந்தது. பயம் குறைந்தாலும் இன்பம் குறைகிறது, மிஞ்சினாலும் குறைகிறது, நடுவிலேதான் உச்சத்துக்குப் போகிறது என்கிறார்கள். அந்த நடு ஆளுக்காள் வேறு. என் மகளின் நடு மகனுக்கு எங்கோ அப்பால் இருந்தது. கணுக்காலைப் பிடித்த பொடியனுக்கு அதை அறிய வழியில்லை. கையைப் பிடித்திருந்த எனக்கு வழி இருந்தது.

பெரிய பூங்காக்களைக் கட்டியவர்களும் இந்த அளவோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். கலிபோர்னியாவின் அனஹைமில் உள்ள டிஸ்னிலாந்தின் ஆவி மாளிகை 1969 ஆகஸ்ட் 9ஆம் திகதி திறக்கப்பட்டது. அதன் வெளிப்புறம் 1963இலேயே கட்டி முடிந்துவிட்டது. உள்ளே வைக்க வேண்டியது பயமா, பகிடியா என்பதில் வடிவமைப்பாளர்கள் இருவருக்கிடையே ஒத்துவரவில்லை. கிளோட் கோட்ஸ் பயங்கரமான சூழலை விரும்பினார், மார்க் டேவிஸ் வேடிக்கையை விரும்பினார். கடைசியில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார்கள். மகளும் நானும் கைத்தொலைபேசியில் அதன் காணொளியைப் பார்த்தோம். முன்பாதி இருண்ட தாழ்வாரங்கள். நடுவில் ஒரு மண்டபத்தில் ஆவிகள் ஊடுருவித் தெரியும்படி நடனமாடுகின்றன. அதுவும் பெப்பரின் கண்ணாடி வித்தைதான். பின்பாதியில் மயானத்து ஆவிகள் பாட்டுப் பாடிக் கூத்தடிக்கின்றன. முடிவில் கண்ணாடியொன்றில் பார்த்தால் எங்கள் வண்டியிலேயே ஓர் ஆவி குந்தியிருக்கும். பிள்ளை பெற்றோருக்குப் பக்கத்தில் ஒரே வண்டியில் அமர்ந்து போகிறது, ஒரு கையும் அதைத் தொடுவதில்லை. ஜின்னுக்குத் தும்மல் வந்த இடத்தை மகளுக்குக் காட்டினேன்.

அந்த நாடுகளில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. பெரிய சுழல் ரயில்களில் ஏறும் இடம்வரை வந்து மனம் மாறியவர் இறங்கிப் போக ஒரு வழி விட்டிருப்பார்கள். ஆங்கிலத்தில் பயந்தவனைக் கோழி என்பார்கள். அந்த வழிக்கும் கோழி வாசல் என்றே பேச்சுப் பெயர். (பெயரில் கேலி இருந்தாலும் வாசல் வாசல்தான்.) யுனிவர்சல் பூங்காக்களின் ஹலோவீன் இரவுகள் 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு உகந்ததல்ல என்று நடத்துகிறவர்களே அறிவிக்கிறார்கள். ஆனால் அது அறிவுரைதான். பிள்ளையை அழைத்துப் போவதா இல்லையா என்பது கடைசியில் தகப்பனிடமும் தாயிடமும்தான் வந்து நிற்கிறது. எங்களூர்க் காணிவலில் கோழி வாசல் இல்லைதான். கறுப்புத் துணியைத் தூக்கிப் பக்கவாட்டால் மகனை வெளியே எடுத்திருக்கலாம். 100 ரூபா போயிருக்கும், வரிசையில் நின்றவர் இன்னொரு தரம் சிரித்திருப்பார்.

இதில் எனக்கு ஆகக் கூச்சம் தருவதை இதுவரை சொல்லவில்லை. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் இருந்தவர்கள் 100 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். ஒன்பது நாட்களின் பின் ஏறாவூரில். எனக்கு அப்போது பத்து வயது. அந்த மாதங்களில் எங்கள் தெருவின் பெண்களும் பிள்ளைகளும் ஒரே வீட்டில் படுத்தோம். ஆண்கள் வெளியே விழித்திருந்தார்கள். நாய் குரைத்தால் எல்லோரும் எழும்பி உட்கார்ந்து கொள்வோம். ஓர் இரவு என் பெரியம்மாவின் மகன், எங்களைவிட நான்கு வயது மூத்த காக்கா, சும்மா பகிடிக்கு வெளியிலிருந்து தகர வேலியில் தடதடவென்று தட்டினார். உள்ளே எழுந்த அழுகையை நான் மறக்கவில்லை. மூத்தாப்பா வெளியே போய் அவருக்கு ஓங்கி ஓர் அறை விட்டார். ஒருவரையும் அடித்தறியாத மனிதர். பிறகு திண்ணையில் உட்கார்ந்து அவரும் அழுதார்.

அதே மாதங்களில் பகல் வேளைகளில் நாங்கள் துவக்குச் சுட்டு விளையாடினோம் என்பதும் உண்மை. ஒரு பகுதி துரத்தும், மறு பகுதி ஒளியும். பிறகு மாறிக்கொள்வோம். ஒருவன் இரண்டு கையையும் தூக்கி "நான் இல்ல" என்றால் ஆட்டம் அவனுக்கு நின்றுவிடும். பத்து வயதுப் பொடியன்களுக்கு இந்தச் சட்டம் தெரிந்திருந்தது. 38 வயதில், ஆசிரியர் என்ற பெயரோடு வரிசையில் நின்ற எனக்குத் தெரியவில்லை. என் மகன் இரண்டு கையையும் தூக்கவில்லை என்பது உண்மைதான். ஒரு கையை நான் பிடித்திருந்தேன்.

உண்மையான பயத்தைக் கண்டவன் பொய்ப் பயத்தைக் காசு கொடுத்து வாங்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். வாங்கலாம் என்றே நினைக்கிறேன். என் மகள் அன்று சிரித்த சிரிப்பைப் பத்து வயதில் நான் சிரித்ததில்லை. தட்டப்படும் தகரத்தைக் கேட்டு ஒரு பிள்ளை சிரிக்க முடிகிறதென்றால் அது நான் சந்தோஷப்பட வேண்டிய காரியம். அவளுக்கு அந்த 100 ரூபாவைக் கொடுத்ததில் எனக்கு எந்தக் கவலையும் இல்லை.

2024 ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் காணிவல் வந்தது. மகனுக்குப் பன்னிரண்டு வயது. ராட்டினத்தில் ஏறி இறங்கிய பிறகு அவனைக் காணவில்லை. தேடிப் போனால் பேய் வீட்டு வரிசையில் நிற்கிறான். பெருநாள் காசில் தானே மூன்று டிக்கட் எடுத்திருந்தான். கட்டணம் இப்போது 300 ரூபா.

"வாப்பா, நீங்களும் வாறீங்களா? பயங்காட்டுவாங்க. காலைப் புடிச்சாலும் புடிப்பாங்க. ஏலாட்டிச் சொல்லுங்க, திரும்பி வந்திருவம்."

எனக்குப் போக விருப்பமில்லை. ஏனென்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை, விருப்பமில்லை, அவ்வளவுதான். அதைச் சொன்னேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. "சரி, ராத்தாவோட போறன்" என்று சொல்லி, மூன்றாவது டிக்கட்டைப் பின்னால் நின்ற தன் கூட்டாளியிடம் கொடுத்தான். இரண்டு பேரின் செருப்பையும் நான் காவல் காத்துக்கொண்டு, கச்சான் பையோடு வாசலில் நின்றேன். உள்ளே அலறல் தொடங்கியது. மகளின் குரலை உடனே பிடித்துவிட்டேன். மகனின் குரல் உடையத் தொடங்கியிருந்த காலம் அது, எது அவனுடையதென்று கடைசிவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.